குதிரைப் பெயரைக் காத்த கடிதங்கள்

காரை மாற்றலாம், பெயரை மாற்றலாமா? அமெரிக்காவில் எழுந்த விசித்திர வழக்கு

கோர்ட்டு இல்லை. வக்கீல் இல்லை. ஆனாலும் அது ஒரு பெரிய வழக்கு.

வழக்குத் தொடுத்தவர்கள் பொதுமக்கள். எதிர்த்தரப்பு உலகின் மிகப் பெரிய மோட்டார் கம்பெனிகளில் ஒன்று. வழக்கின் பொருள் ஒரு காரின் பெயர்.

1987-ம் ஆண்டில் இது நடந்தது. "மஸ்டாங்" என்ற பழைய காரை நிறுத்திவிட்டு, அந்தப் பெயரை ஒரு புத்தம் புதிய காருக்குச் சூட்ட அமெரிக்காவின் போர்டு கம்பெனி திட்டமிட்டிருந்தது. சென்னைக்கு அருகே மறைமலை நகரில் 2022 வரை கார் தயாரித்ததே, அதே போர்டு கம்பெனிதான்.

புதிய கார் மட்டமான கார் அல்ல. பார்க்க அழகாக இருந்தது. பெட்ரோலும் சிக்கனம். ஆனாலும் மக்கள் ஒப்புக்கொள்ளவில்லை. இன்டர்நெட் இல்லாத காலம் அது. காகிதத்தையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். கம்பெனிக்குக் கடிதங்கள் பறந்தன.

பெயர் வைத்தவன் கம்பெனிக்காரன். பணம் போட்டவன் கம்பெனிக்காரன். கார் வாங்கியவனுக்கு அந்தப் பெயரில் என்ன உரிமை?

இந்தக் கேள்விக்கு விடை தெரிய வேண்டுமானால், அந்தப் பெயர் பிறந்த கதையிலிருந்து தொடங்க வேண்டும்.

காட்டுக் குதிரை

"மஸ்டாங்" என்றால் காட்டுக் குதிரை. ஸ்பெயின் நாட்டவர் கப்பலில் கொண்டுவந்த குதிரைகளில் சில தப்பி ஓடின. அவை அமெரிக்காவின் மேற்குச் சமவெளிகளில் கூட்டம் கூட்டமாகப் பெருகின. அந்தக் குதிரைகளுக்குத்தான் மஸ்டாங் என்று பெயர். இரண்டாவது உலகப் போரில் புகழ் பெற்ற ஒரு சண்டை விமானத்துக்கும் அதே பெயர் உண்டு. கார் தன் பெயரை எதிலிருந்து எடுத்துக்கொண்டது என்பது பற்றி இரண்டு கதைகளும் வழங்குகின்றன.

1964-ம் ஆண்டு ஏப்ரல் 17-ந் தேதி, நியூயார்க் உலகக் கண்காட்சியில் மஸ்டாங் கார் வெளியிடப்பட்டது. விலை 2,368 டாலர். முதல் நாளிலேயே 22 ஆயிரம் பேர் ஆர்டர் கொடுத்துவிட்டார்கள். பன்னிரண்டு மாதத்தில் நான்கு லட்சத்துக்கு மேல் விற்றது. இரண்டு ஆண்டு முடிவதற்குள், 1966 மார்ச்சில், பத்து லட்சமாவது கார் வெளியே வந்தது!

என்ன காரணம்? அதற்கு முன்பு பந்தயக் கார் போன்ற தோற்றமுள்ள வண்டி பணக்காரர்களுக்கே எட்டும். சாதாரணச் சம்பளக்காரன் ஏக்கத்தோடு பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். மஸ்டாங் அந்த நிலையை மாற்றியது. நீண்ட முன்பகுதி, குட்டையான பின்பகுதி, முகப்பில் பாய்ந்தோடும் குதிரை. விலையோ குமாஸ்தாவுக்கும் கட்டுப்படியாகும் விலை.

கம்பெனியின் அதிகாரி லீ அயகோக்கா இந்தத் திட்டத்தை முன்னின்று நடத்தியவர். இந்த ஒரு காரினால் அவர் பெயர் நாடு முழுவதும் பரவியது.

முதலில் வேறு பெயர்!

ஆனால் இந்தக் கார் களிமண் மாதிரியாக இருந்தபோது அதற்குப் பெயர் மஸ்டாங் அல்ல. "கூகர்" என்று அழைத்தார்கள். கூகர் என்பது அமெரிக்க மலைகளில் வாழும் ஒரு பெரிய காட்டுப் பூனை. "டொரினோ" என்ற இத்தாலிய நகரத்தின் பெயரையும் யோசித்தார்கள். கடைசியில்தான் குதிரை வென்றது. தோற்ற கூகரை மறந்துவிடக் கூடாது. பின்னால் அதற்கும் ஒரு வேலை இருக்கிறது.

பெயர் என்பது சொத்து. வீடு, நிலம் போல அதற்கும் பத்திரம் உண்டு. ஜெர்மனியில் அந்தச் சொத்து வேறொருவர் கையில் இருந்தது. "கிரூப்" என்ற கம்பெனி தன் லாரிக்கு அந்தப் பெயரை முன்பே பதிவு செய்திருந்தது. எனவே போர்டு கம்பெனி அங்கே தன் காரை "டி-5" என்ற பெயரில் விற்றது. 1970-களின் கடைசி வரை இந்த நிலை நீடித்தது. கார் அதே கார். குதிரை அதே குதிரை. பெயர் மட்டும் இல்லை!

ஆக, சட்டப்படி பெயர் யாருக்குச் சொந்தம் என்பதில் சந்தேகம் இல்லை. பதிவு செய்தவனுக்குச் சொந்தம். 1987-ல் எழுந்த கேள்வி சட்டத்தைப் பற்றியது அல்ல.

சுருங்கிய குதிரை

இடையில் மஸ்டாங்குக்கு ஒரு சோதனை வந்தது. ஆண்டுக்கு ஆண்டு கார் பெருத்துக்கொண்டே போயிற்று. 1973-ல் அது பழைய மஸ்டாங்கின் அண்ணன் போலக் கனத்திருந்தது.

அப்போது கம்பெனி துணிந்து ஒரு காரியம் செய்தது. "பின்டோ" என்ற சின்னக் காரை அடிப்படையாக வைத்துப் புதிய மஸ்டாங்கைச் செய்தது. முந்தைய காரைவிட ஒன்றரை அடி நீளம் குறைவு. பெயர் "மஸ்டாங் இரண்டு". முதல் ஆண்டில் அமெரிக்காவில் அதற்கு எட்டு சிலிண்டர் என்ஜினே கிடையாது.

பழைய ரசிகர்கள் முகம் சுளித்தார்கள். ஆனால் அந்தக் கார் 1973 செப்டம்பரில் வந்தது. அடுத்த மாதமே அரபு நாடுகள் எண்ணெய் ஏற்றுமதியை நிறுத்தின. பெட்ரோல் பங்குகளில் வண்டிகள் வரிசை கட்டி நின்றன. சின்னக் காருக்குக் கிராக்கி ஏறியது. முதல் மாடல் ஆண்டில் மட்டும் சுமார் 3 லட்சத்து 86 ஆயிரம் "மஸ்டாங் இரண்டு" தயாராயின.

1979-ல் "இரண்டு" என்ற வால் நீங்கியது. முழுதும் புதிய உடலோடு மறுபடியும் வெறும் மஸ்டாங் வந்தது.

இதில் ஒரு பாடம் இருக்கிறது. உடல் மாறலாம். என்ஜின் மாறலாம். நீளம் குறையலாம். ஓரளவு மாற்றத்தைப் பெயர் தாங்கும். எந்த அளவு வரை தாங்கும்? அந்த எல்லைதான் 1987-ல் சோதிக்கப்பட்டது.

இழுப்பதும் தள்ளுவதும்

1979-ல் இன்னொரு முறை எண்ணெய் நெருக்கடி வந்தது. அதே ஆண்டில் போர்டு கம்பெனி ஜப்பானின் "மாஸ்டா" கம்பெனியில் நான்கில் ஒரு பங்கை வாங்கியது. இரு கம்பெனிகளும் சேர்ந்து அடுத்த மஸ்டாங்கைத் திட்டமிட்டன. காரின் அடித்தளம் மாஸ்டாவுடையது. மேலுடல் போர்டுடையது. மிச்சிகன் மாநிலத்தில் பிளாட் ராக் என்னும் ஊரில் மாஸ்டா ஒரு தொழிற்சாலை கட்டியது.

பழைய காருக்கும் புதிய காருக்கும் முக்கியமான வேற்றுமை எது?

மாட்டு வண்டியை மாடு முன்னால் நின்று இழுக்கிறது. தள்ளுவண்டியை மனிதன் பின்னால் நின்று தள்ளுகிறான். காரிலும் இந்த இரு வகை உண்டு. சில கார்களில் என்ஜினின் பலம் முன் சக்கரங்களுக்குப் போகிறது. அவை காரை இழுத்துச் செல்கின்றன. வேறு சில கார்களில் பலம் பின் சக்கரங்களுக்குப் போகிறது. அவை காரைத் தள்ளிச் செல்கின்றன.

முன் சக்கரம் இழுக்கும் காரில் இடம் மிச்சம், எடை மிச்சம், மழையில் வழுக்கல் குறைவு. குடும்பத்துக்கு ஏற்றது. ஆனால் வேகத்தை விரும்புகிறவர்கள் பின் சக்கரக் காரையே கேட்பார்கள். பாய்ந்து கிளம்பும்போது காரின் பாரம் பின்பக்கம் சாய்கிறது. அதனால் பின் சக்கரங்கள் சாலையை அழுத்திப் பிடிக்கின்றன. முதுகை இருக்கை தள்ளும் அந்த உணர்ச்சிதான் அவர்களுக்குச் சுகம்.

1964 முதல் ஒவ்வொரு மஸ்டாங்கும் பின் சக்கரக் கார். "மஸ்டாங் இரண்டு" கூட அப்படித்தான். புதிய காரோ முன் சக்கரக் கார். எட்டு சிலிண்டர் என்ஜினும் அதில் இல்லை.

கடிதப் புயல்

1987 ஏப்ரலில் "ஆட்டோவீக்" என்ற மோட்டார் பத்திரிகை இந்தத் திட்டத்தை வெளியிட்டது. உடனே புயல் கிளம்பியது.

மஸ்டாங் ரசிகர்களுக்குச் சங்கங்கள் இருந்தன. நாடு தழுவிய சங்கம் ஒன்று 1976-லேயே தொடங்கியிருந்தது. ஆனால் எழுதியவர்கள் சங்கத்தார் மட்டும் அல்ல. கம்பெனி அலுவலகத்தில் கடிதங்கள் குவிந்தன.

ஜப்பான் கார்களின் போட்டியால் அமெரிக்கத் தொழிற்சாலைகள் திணறிக்கொண்டிருந்த காலம் அது. ஜப்பான் அடித்தளத்தில் அமெரிக்கக் குதிரையை ஏற்றுவதா என்ற கோபமும் சேர்ந்துகொண்டது. இந்தக் கோபம் முழுவதும் நியாயம் என்று சொல்ல முடியாது. பிளாட் ராக் தொழிற்சாலையில் வேலை செய்தவர்களும் அமெரிக்கத் தொழிலாளர்கள்தானே!

மக்கள் கடிதத்தோடு நிற்கவில்லை. கடைகளுக்கும் போனார்கள். 1987 மாடல் மஸ்டாங் சுமார் 1 லட்சத்து 59 ஆயிரம் தயாரானது. 1988 மாடலோ 2 லட்சத்து 11 ஆயிரத்தைத் தாண்டியது! சாகப் போகிறது என்று எழுதிய கார் எழுந்து ஓடியது.

கம்பெனி முடிவை மாற்றிக்கொண்டது. புதிய காரை நிறுத்தவில்லை. அதற்கு "புரோப்" என்று வேறு பெயர் வைத்து 1988-ல் விற்பனைக்கு விட்டது. பழைய மஸ்டாங் தன் பெயரோடு, தன் பின் சக்கரத்தோடு, பக்கத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது.

இரண்டு காருக்கும் இது நன்மையாகவே முடிந்தது. புரோப் தொடக்கத்தில் நன்றாக விற்றது. மஸ்டாங் என்ற பெயரோடு வந்திருந்தால் ஒவ்வொருவரும் அதைப் பழைய காரோடு ஒப்பிட்டுக் குறை சொல்லியிருப்பார்கள். வேறு பெயரோடு வந்ததால் அதன் தகுதியைப் பார்த்து வாங்கினார்கள். மாமியார் பெயரை மருமகளுக்குச் சூட்டி, மாமியார் போலவே நட என்று சொல்லாமல் விட்டதுதான் அதற்குச் செய்த உபகாரம்!

கடிதம் சோறு போடுமா?

ஆனால் கதை அத்துடன் முடியவில்லை. கணக்குப் பிள்ளைகளின் பக்கத்திலும் நியாயம் இருந்தது.

கடிதம் எழுதுவது சுலபம். கார் வாங்குவது கடினம். 1992 மாடல் மஸ்டாங் 80 ஆயிரத்துக்கும் கீழே இறங்கியது. பெயரைக் காப்பாற்றியாகிவிட்டது, காரோ கிழடாகிவிட்டது. புதுப்பிக்காமல் விட்டால் பெயரும் சாகும். புதுப்பிக்கப் பணம் வேண்டும்.

கம்பெனிக்குள் ஜான் கொலெட்டி என்ற அதிகாரியின் தலைமையில் ஒரு சிறு குழு இந்தப் பொறுப்பை எடுத்துக்கொண்டது. பழைய அடித்தளத்தையே பலப்படுத்திச் செலவைக் குறைத்தார்கள். அப்படியும் சுமார் 70 கோடி டாலர் ஆயிற்று. 1993 முடிவில் புதிய மஸ்டாங் வந்தது. பின் சக்கரம் இருந்தது. எட்டு சிலிண்டர் இருந்தது. நீண்ட முன்பகுதி இருந்தது. முகப்பில் குதிரையும் இருந்தது. மற்றவை அநேகமாகப் புதியவை. யாரும் கடிதம் எழுதிச் சண்டை போடவில்லை. விற்பனை மறுபடியும் லட்சத்தைத் தாண்டியது.

கூகரின் கதி

தோற்ற கூகர் என்ன ஆயிற்று? அந்தப் பெயரும் வீணாகவில்லை. போர்டு கம்பெனியின் இன்னொரு பிரிவு "மெர்க்குரி". 1967-ல் அது மஸ்டாங்கைச் சற்று நீட்டி, வசதிகள் கூட்டி, "கூகர்" என்ற பெயரில் விற்றது. மஸ்டாங்குக்கு உடன்பிறப்பு என்றே சொல்லலாம்.

மஸ்டாங்குக்காக எழுந்த குரல் கூகருக்காக எழவில்லை. 1974-ல் அந்தப் பெயர் ஒரு பெரிய காருக்குப் போனது. 1977-ல் நான்கு கதவுக் குடும்பக் காருக்கும், பின்னால் சாமான் ஏற்றும் வேகன் வண்டிக்கும்கூடக் "கூகர்" என்று பெயர் வைத்தார்கள். கடைசியாக 1990-களின் முடிவில், அடுத்த புரோப்பாக வரவிருந்த முன் சக்கரக் காருக்கு அந்தப் பெயரைச் சூட்டினார்கள். 2002-ல் கூகர் நின்றது. சில ஆண்டுகளில் மெர்க்குரி பிரிவே மூடப்பட்டது.

கூகர் என்றால் எந்த மாதிரிக் கார் என்று கேட்டால் ஒருவரும் ஒரே விடை சொல்ல முடியாது. எல்லாக் காருக்கும் சூட்டிய பெயர் எந்தக் காருக்கும் சொந்தமில்லாமல் போயிற்று.

ஜெர்மானியர் செய்த மாற்றம்

நேர்மாறான உதாரணமும் உண்டு. ஜெர்மனியின் "போர்ஷே" கம்பெனி 1963-ல் ஒரு காரைக் காட்சிக்கு வைத்தது. பெயர் 901. நடுவில் சைபர் உள்ள மூன்று இலக்க எண்கள் தனக்கே உரியவை என்று பிரான்சின் "பெஜோ" கம்பெனி ஆட்சேபித்தது. எனவே போர்ஷே நடுச் சைபரை ஒன்றாக மாற்றியது. 901 என்பது 911 ஆயிற்று. வேண்டாவெறுப்பாக வைத்த அந்த எண்தான் உலகப் புகழ் பெற்றது!

1997-ல் போர்ஷே ஒரு பெரிய மாறுதல் செய்தது. அதுவரை காற்றால் குளிர்ந்த என்ஜினைத் தண்ணீரால் குளிர வைத்தது. உருண்டை விளக்கின் வடிவத்தையும் மாற்றியது. ரசிகர்கள் முணுமுணுத்தார்கள். ஆனால் என்ஜின் பின்புறத்திலேயே இருந்தது. கூரையின் சரிவும் அப்படியே இருந்தது. 2004-ல் உருண்டை விளக்கும் திரும்பி வந்தது. பெயர் நிலைத்தது.

எனவே புதுமை பெயருக்கு எதிரி அல்ல. அடையாளம் அழிவதுதான் எதிரி.

மின்சாரக் குதிரை

முப்பது ஆண்டு கழித்து மஸ்டாங்குக்கு மறுபடியும் சோதனை வந்தது. 2019 நவம்பரில் போர்டு கம்பெனி ஒரு மின்சாரக் காரை அறிமுகம் செய்தது. நான்கு கதவு. ஐந்து பேர் உட்காரலாம். பெட்ரோல் கிடையாது, உறுமலும் கிடையாது. முகப்பில் அதே குதிரை! பெயர் "மஸ்டாங் மாக்-ஈ".

மறுபடியும் எதிர்ப்பு எழுந்தது. ஆனால் இம்முறை கம்பெனி அசையவில்லை. அந்தக் காரும் தோற்கவில்லை. 2024-ல் அமெரிக்காவில் மாக்-ஈ 51 ஆயிரத்துக்கு மேல் விற்றது. பெட்ரோல் மஸ்டாங் சுமார் 44 ஆயிரம்தான்.

அப்படியானால் 1987-ல் கடிதம் எழுதியவர்கள் தோற்றுவிட்டார்களா?

இல்லை. ஒரு வேற்றுமை இருக்கிறது. 1987-ல் வரவிருந்த கார் பழைய மஸ்டாங்கை வெளியேற்றிவிட்டு அதன் நாற்காலியில் உட்கார நினைத்தது. மாக்-ஈ அப்படிச் செய்யவில்லை. பெயருக்குப் பின்னால் தன் சொந்தப் பெயரையும் சேர்த்துக்கொண்டது. பழைய மஸ்டாங்கும் விலகவில்லை. 2022 செப்டம்பரில் அதன் ஏழாவது தலைமுறை வெளியிடப்பட்டது. பின் சக்கரம், எட்டு சிலிண்டர் எல்லாம் உண்டு. இரண்டும் ஒரே கடையில் நின்றன. வேண்டியதை வாங்கலாம்.

ஆனாலும் கூகரின் கதியை எண்ணிப் பார்க்கிறவர்களுக்குக் கவலை தீராது. ஒரு பெயர் இரண்டு காருக்குப் போனால் நாளை மூன்றாவதற்கும் போகலாம். பெட்ரோல் மஸ்டாங் ஒருநாள் நின்றால், மிஞ்சும் காரைப் பார்த்து மஸ்டாங் என்று சொல்ல வாய் வருமா?

பெயர் ஒரு வாக்கு

கார் வாங்குகிறவன் தகரத்தையும் ரப்பரையும் மட்டும் வாங்குவதில்லை. ஒரு வாக்கையும் வாங்குகிறான். இந்தப் பெயருள்ள கார் இப்படி இருக்கும், இப்படி ஓடும், இந்த விலைக்குக் கிடைக்கும் என்பதுதான் அந்த வாக்கு. தகப்பன் அந்த வாக்கை நம்பி வாங்கினான். மகனும் அதையே நம்பிக் கடைக்குப் போகிறான்.

காரைப் புதுப்பிக்க வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. புதுப்பிக்காத கார் துருப்பிடிக்கும். வாக்கு மாறாதவரை பெயர் மாற வேண்டியதில்லை. வாக்கு மாறிவிட்டால் புதிய பெயரே நேர்மை. பழைய பெயரை ஒட்டி விற்பது சிக்கனம்போலத் தோன்றும். ஆனால் அது முதலைத் தின்னும் வியாபாரம்.

பதிவுப் பத்திரம் கம்பெனியின் பெட்டியில் இருக்கலாம். அந்தப் பெயருக்கு மதிப்புக் கொடுத்தது வாங்கினவர்களின் நம்பிக்கை. 1987-ல் வந்த கடிதங்கள் சொன்னது இதைத்தான்.

மஸ்டாங்கின் இடத்தைப் பிடிக்க வந்த காருக்காகக் கட்டிய பிளாட் ராக் தொழிற்சாலை என்ன ஆயிற்று? புரோப் 1997-ல் நின்றது. மஸ்டாங் பிறந்த டியர்பார்ன் நகரத் தொழிற்சாலையில் 2004-ல் அதன் தயாரிப்பு முடிந்தது. அதன்பின் மஸ்டாங்கைச் செய்யும் வேலை பிளாட் ராக்குக்கே வந்தது. 2018 ஆகஸ்டு 8-ந் தேதி ஒரு கோடியாவது மஸ்டாங் அங்கிருந்து வெளிவந்தது. வெள்ளை நிறம், எட்டு சிலிண்டர், பின் சக்கரம். முகப்பில் குதிரை ஓடிக்கொண்டிருந்தது.